அளந்ததும் கணக்கிட்டதும்: அணுக்கருச் சில்லுத்தெறிப்பின் கணினி மாதிரியுருக்களும் தமிழாக்கமும்

1. முன்னுரை

அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். ஒரு துறையின் கலைச்சொற் பட்டியல் நிறைவுற்றால் அத்துறையின் தமிழாக்கப் பணியும் பாதி முடிந்தது எனக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஆயினும், ஓர் அறிவியல் செய்தி எவ்வழியாகப் பெறப்பட்டது என்பதை உணர்த்தும் பொறுப்பு வினைச்சொற்களையும் பெயரெச்சங்களையுமே பெரிதும் சார்ந்துள்ளது. ஓர் எண் கருவியால் அளக்கப்பட்டதா, அறிஞர் பலர் கூடி ஆய்ந்து ஏற்றுக்கொண்டதா, கணினி நிரல் ஒன்று கணக்கிட்டுத் தந்ததா என்பது தெரியாவிடில் அந்த எண்ணின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் துறைகளுள் ஒன்று, ஸ்பாலேஷன் எனப்படும் அணுக்கருவினையின் குறுக்குவெட்டுகளைக் கணினி மாதிரியுருக்களால் கணக்கிடும் துறையாகும். இந்தியாவிலும் இத்துறைக்குத் தேவை உண்டு. முடுக்கியால் இயக்கப்படும் உலைகளில் தோரியத்தைப் பயன்படுத்தும் நெடுநோக்குத் திட்டத்தின் தொடக்கப் படியாக, டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் முடுக்கி அமைக்கப்பட்டது. இத்தகைய பணிகள் குறித்த அறிக்கைகளும் பாடநூல்களும் பாதுகாப்பு விளக்கங்களும் இந்திய மொழிகளில் எழுதப்படும்போது எழக்கூடிய ஒரு மொழிச்சிக்கலை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. முதலில் துறையின் அடிப்படைகளும், அடுத்து மாதிரியுருக்களின் இயல்பும், இறுதியில் தமிழாக்கத்துக்குரிய பரிந்துரைகளும் கூறப்படும்.

2. சில்லுத்தெறிப்பு: பொருளும் பெயரும்

ஈயம், டங்ஸ்டன், பாதரசம் போன்ற கனமான தனிமங்களின் அணுக்கருவை, சில நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் முதல் சில ஆயிரம் மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் கொண்ட புரோட்டான் தாக்கும்போது, அக்கருவிலிருந்து நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஹீலியம் போன்ற சிறு கருக்களும் வெளியேறுகின்றன. எஞ்சி நிற்பது முன்னதைவிட இலேசான மற்றோர் அணுக்கருவாகும். 1000 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஒன்று தடித்த ஈய இலக்கில் பாய்ந்தால் ஏறத்தாழ 20 நியூட்ரான்கள் கிடைக்கும். இங்கிலாந்தின் ஐசிஸ், சுவிட்சர்லாந்தின் சிங்க், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 2006ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நிலையம் ஆகியவை இவ்வினையைக் கொண்டே நியூட்ரான்களை ஆக்குகின்றன. இயற்கையிலும் இது நிகழ்கிறது. விண்மீன்களுக்கிடையிலுள்ள வாயுவின் அணுக்கருக்களோடு அண்டக்கதிர்கள் மோதுவதால்தான் பெரிலியம், போரான் ஆகிய தனிமங்கள் பெரும்பாலும் தோன்றின என்பது 1970 முதல் ஏற்கப்பட்ட விளக்கமாகும்.

ஆங்கிலத்தில் இவ்வினைக்குரிய பெயர் கல்தச்சரின் சொல்லிலிருந்து வந்தது. கல்லை அடிக்கும்போது பெயர்ந்து விழும் சில்லைக் குறிக்கும் சொல் 1940களின் பிற்பகுதியில் அணுக்கருவியலுக்குள் நுழைந்தது. தமிழில் இதனைச் ‘சிதறல்’ எனக் கூற இயலாது. ஆல்ஃபாத் துகள் சிதறல், ஒளிச்சிதறல் ஆகியவற்றில் அச்சொல் வேறொரு நிகழ்ச்சிக்கு நிலைபெற்றுவிட்டது. ‘சிதைவு’ என்பதும் பொருந்தாது. அது கதிரியக்கச் சிதைவுக்கு உரியது. ‘பிளவு’ என்பது கரு இரு பெரும் பாகங்களாகப் பிரிவதைக் குறிப்பது. இவை மூன்றும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வரக்கூடிய துறை இதுவாதலின், வேறுபட்ட சொல் தேவை. எனவே இக்கட்டுரையில் ‘சில்லுத்தெறிப்பு’ என்னும் சொல் ஆளப்படுகிறது. மூலச்சொல்லின் உருவகமும் இதில் காக்கப்படுகிறது.

3. குறுக்குவெட்டு என்பது யாது?

குறுக்குவெட்டு என்ற சொல் வடிவியலிலிருந்து பெறப்பட்டது. ஓர் இலக்கு எவ்வளவு பரப்புடையதாக இருப்பின் அதன்மீது எறிந்த துகள் படும் வாய்ப்பு இவ்வளவு இருக்கும் என்று கணக்கிடும் முறையில், வினையின் வாய்ப்பைப் பரப்பாகக் கூறுவது இயற்பியல் வழக்கம். இதற்குரிய அலகு பார்ன். ஒரு பார்ன் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரை 10-இன் 24ஆம் அடுக்கால் வகுத்துப் பெறும் பரப்பு. இப்பெயரை 1942ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹாலோவே, பேக்கர் என்னும் இருவர் சூட்டினர். தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. அணுக்கரு அளவில் நோக்க இப்பரப்பு ஒரு களஞ்சியம் அளவுக்குப் பெரிது என்ற நகைச்சுவையே பெயருக்குக் காரணம். அலகின் பெயர் ஆதலால் இதனை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே முறை.

ஈயம்-208 கருவின் ஆரம் ஏறத்தாழ 7 ஃபெர்மி. இதிலிருந்து அதன் வடிவியற் பரப்பு ஏறத்தாழ 1.6 பார்ன் எனக் கிடைக்கிறது. 1000 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு ஈயத்தின் மொத்த வினைக் குறுக்குவெட்டு ஏறத்தாழ 1.7 பார்ன். இங்கு வடிவியற் பொருளும் வினைப்பொருளும் நெருங்கி நிற்கின்றன. ஆனால் செனான்-135 கரு மெதுவான நியூட்ரானைக் கவரும் குறுக்குவெட்டு 26 இலட்சம் பார்னுக்கும் மேல். அக்கருவின் வடிவியற் பரப்போ ஏறத்தாழ 1.2 பார்ன்தான். ஆகவே குறுக்குவெட்டு என்பது கருவின் உடலளவு அன்று. குறிப்பிட்ட ஆற்றலில் குறிப்பிட்ட வினை நிகழும் வாய்ப்பின் அளவு ஆகும். மொழிபெயர்ப்பாளர் இதனைக் ‘கருவின் பரப்பு’ என விரித்துரைத்தல் பிழையாகும்.

நடைமுறையில் இதன் பொருளைப் பின்வருமாறு காணலாம். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயத் தகட்டின் வழியே 1000 புரோட்டான்கள் சென்றால், மேற்கூறிய 1.7 பார்ன் அளவின்படி, அவற்றுள் 5 அல்லது 6 மட்டுமே அணுக்கருவினைக்கு உட்படும். ஒவ்வொரு வினையின் முடிவிலும் எஞ்சும் கரு ஒரேவகையாக இராது. தங்கம், பிளாட்டினம், ஹாஃப்னியம் எனப் பல தனிமங்களின் பல நூறு ஐசோடோப்புகளுள் ஏதேனும் ஒன்றாக அமையலாம். மொத்த 1.7 பார்ன் இவற்றிடையே பங்கிடப்படுவதால், பெரும்பாலானவற்றின் ஆக்கக் குறுக்குவெட்டு சில மில்லிபார்ன் அளவிலோ அதற்கும் குறைவாகவோ அமைகிறது.

4. கணினியின் தேவை

இப்பங்கீட்டை முழுவதும் அளந்து பெறுதல் இயலாது. இலக்காகப் பயன்படும் தனிமங்கள் பல. அவற்றில் கலந்துள்ள மாசுகள் பல. புரோட்டானின் ஆற்றலோ இலக்கினுள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வோர் ஆற்றலுக்கும் நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகளை அளப்பது எந்த ஆய்வுக்கூடத்துக்கும் எட்டாத பணி. எனவே அளவீடுகள் உள்ள இடங்களில் மாதிரியுருவைச் சோதித்து, அளவீடுகள் இல்லாத இடங்களில் அதனையே நம்பிக் கணக்கிடுகின்றனர்.

அளவீடுகளும் ஒரே வகையின அல்ல. மெல்லிய தகட்டைப் புரோட்டான் கற்றையில் வைத்துப் பின்னர் அதிலிருந்து வரும் காமாக் கதிர்களை அளக்கும் முறை ஒன்று. இம்முறையில் குறுகிய வாழ்வுடைய கருக்கள் அளப்பதற்கு முன்பே சிதைந்து வேறு கருக்களாக மாறியிருக்கும். ஆகவே கிடைப்பது பெரும்பாலும் ‘திரண்ட’ குறுக்குவெட்டு. அதாவது நேரடியாகத் தோன்றியதும் முன்னோடிக் கருக்களின் சிதைவால் வந்து சேர்ந்ததும் கூடியது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஆய்வுக்கூடத்தில் வினை தலைகீழாக அமைக்கப்பட்டது. அங்கு ஈயக்கருக்களே முடுக்கப்பட்டு, நிலையாக வைக்கப்பட்ட திரவ ஹைட்ரஜன்மீது பாய்ச்சப்பட்டன. முன்னோக்கி விரைந்து செல்லும் எச்சக்கருக்களை அவை சிதையும் முன்பே இனங்காண முடிந்ததால் ‘தனித்த’ குறுக்குவெட்டுகள் கிடைத்தன. மாதிரியுரு தருவதும் தனித்த அளவே. ‘திரண்ட’, ‘தனித்த’ என்னும் அடைகளை மொழிபெயர்ப்பாளர் மிகையெனக் கருதி நீக்கிவிட்டால், ஒப்பிடத் தகாத இரு எண்கள் ஒப்பிடப்படும்.

5. மாதிரியுருவின் இரு படிகள்

சில்லுத்தெறிப்பை இரு படிகளாகக் காணும் முறையை 1947ஆம் ஆண்டில் ராபர்ட் செர்பர் முன்வைத்தார். உயர் ஆற்றலுள்ள புரோட்டானின் அலைநீளம் அணுக்கருவினுள் உள்ள துகள்களுக்கிடையேயான தொலைவைவிடச் சிறியது. ஆகவே அது கருவை முழுமையாகத் தாக்குவதில்லை. உள்ளிருக்கும் புரோட்டான், நியூட்ரான்களுள் ஒன்றுடன் மோதுகிறது. மோதப்பட்டது மற்றொன்றுடன் மோதும். இவ்வாறு தொடரும் மோதல்களில் சில துகள்கள் கருவைவிட்டு வெளியேறுகின்றன. இதுவே முதற்படியாகிய ‘மோதல்தொடர்’. ஆங்கிலச் சொல் அருவியைச் சுட்டுவது. எனினும், நிகழ்வது கிளைத்துப் பெருகும் மோதல்களே ஆதலின் அருவி உருவகத்தைத் தமிழில் வற்புறுத்த வேண்டியதில்லை.

மோதல்தொடர் ஓய்ந்தபின் சூடேறிய கரு எஞ்சுகிறது. இரண்டாம் படியில் அது நியூட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுக் குளிர்கிறது. இதனை ‘ஆவியாதல்’ என்பர். 1937ஆம் ஆண்டில் விக்டர் வைஸ்கோஃப், திரவத் துளியிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறுவதற்குரிய வெப்ப இயற்பியலை அணுக்கருவுக்குப் பொருத்திக் காட்டினார். இங்கு உருவகமும் கணிதமும் ஒன்றையொன்று தழுவியவை. கருவுக்கு ஒரு வெப்பநிலை கூறப்படுகிறது. வெளியேறும் நியூட்ரான்களின் ஆற்றல் பரவலும் ஆவியாதலின் பரவலை ஒத்துள்ளது. எனவே ‘ஆவியாதல்’ என்று நேராக மொழிபெயர்ப்பதே பொருத்தம். ஓர் உருவகத்தைக் காப்பதா விடுவதா என்பதை, அவ்வுருவகம் துறையின் கணக்கில் பங்கு கொள்கிறதா என்பதைக் கொண்டு முடிவுசெய்யலாம்.

மோதல்தொடரை 1948ஆம் ஆண்டில் கோல்ட்பெர்கர் கையாலேயே கணக்கிட்டார். 1958ஆம் ஆண்டில் மெட்ரோபோலிஸும் அவர்தம் குழுவினரும் மேனியாக் என்னும் கணினியில் கணக்கிட்டனர். 1963ஆம் ஆண்டில் ஓக் ரிட்ஜைச் சேர்ந்த பெர்ட்டினி வெளியிட்ட முறை நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்துவந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் குன்யோன் தொடங்கிய மாதிரியுரு 2002க்குப் பின் பலவாறு விரிவாக்கப்பட்டது. இவற்றிடையே அடிப்படை ஒன்றாயினும் முடிவெடுக்கும் இடங்கள் வேறு. எடுத்துக்காட்டாக, முதற்படி எப்போது முடிகிறது என்பதை இயற்கை கோடிட்டுக் காட்டுவதில்லை. சில நிரல்கள் துகளின் ஆற்றல் ஒரு வரம்புக்குக் கீழ் இறங்கியதும் அதனை நிறுத்துகின்றன. லியேஜ் நிரல் குறிப்பிட்ட காலம் கடந்ததும் நிறுத்துகிறது. வேறு சில இரு படிகளுக்குமிடையே மூன்றாவதாக ஓர் இடைப்படியைச் சேர்க்கின்றன. ஆய்வாளர் தேர்ந்த இத்தகைய முடிவுகள், கணக்கிட்ட ஒவ்வோர் எண்ணிலும் உட்பொதிந்துள்ளன.

6. இருவகை ஐயப்பாடு

மோதல் நிகழும் இடமும் திசையும் முன்கூட்டி அறிய இயலாதவை ஆதலின், நிரல் அவற்றைத் தற்செயல் எண்களைக் கொண்டு தெரிவுசெய்கிறது. சூதாட்ட அரங்குக்குப் பெயர்பெற்ற மொனாக்கோ நாட்டுப் பகுதியின் பெயரால் இது மாண்டி கார்லோ முறை எனப்படும். ஒரே தொடக்க நிலையிலிருந்து இலட்சக்கணக்கான முறை வினையை நிகழ்த்தி, ஒவ்வொரு கருவும் எத்தனை முறை எஞ்சியது என நிரல் எண்ணுகிறது.

1.7 பார்ன் மொத்தக் குறுக்குவெட்டுள்ள வினையை 10 இலட்சம் முறை நிகழ்த்தினால், 1 மில்லிபார்ன் பங்குடைய கரு ஏறத்தாழ 588 முறை தோன்றும். இந்த எண்ணிக்கையின் இயல்பான ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 24. அதாவது 4 விழுக்காடு. 1 கோடி முறை நிகழ்த்தினால் இது 1.3 விழுக்காடாகக் குறையும். கணினியின் உழைப்பைப் பெருக்கி இந்த ஐயப்பாட்டை வேண்டுமளவு குறைக்கலாம்.

ஆனால் மாதிரியுருவின் கருதுகோளில் குறை இருப்பின் அக்குறை எத்தனை கோடி முறை நிகழ்த்தினாலும் நீங்காது. 1.3 விழுக்காடு ஐயப்பாட்டுடன் அச்சிடப்பட்ட எண், உண்மை அளவினின்று இரு மடங்கு விலகியும் இருக்கலாம். முன்னது எண்ணிக்கையின் ஐயப்பாடு. பின்னது மாதிரியுருவின் பிழை. இரண்டையும் ‘பிழை’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால், சிறிய எண்ணைக் கண்ட வாசகர் கணக்கு முழுவதும் துல்லியமானது என நம்பிவிடுவார். பன்னாட்டு அணுசக்தி முகமை நடத்திய ஒப்பீட்டுப் பணியில் பல நாட்டு மாதிரியுருக்கள் ஒரே அளவீடுகளுடன் ஒப்பிடப்பட்டன. 2008இல் டிரியெஸ்டிலும் 2010இல் சாக்லேயிலும் இதன்பொருட்டு ஆய்வாளர்கள் கூடினர். வெளியேறும் நியூட்ரான்களைப் பொறுத்தவரை ஒப்புமை பொதுவாக நன்றாக அமைந்தது. எச்சக்கருக்களின் ஆக்கத்தில்தான் மாதிரியுருக்கள் ஒன்றினின்றொன்றும் அளவீட்டினின்றும் மிகுதியாக வேறுபட்டன.

7. எண்ணின் பிறப்பிடமும் தமிழ் வழக்கும்

மேற்கூறியவற்றிலிருந்து, இத்துறையில் வழங்கும் எண்கள் மூவகை என்பது பெறப்படும். எக்ஸ்ஃபோர் என்னும் பன்னாட்டுத் தொகுப்பில் உள்ளவை அளந்த எண்கள். 1968ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிடப்பட்ட அமெரிக்க இ.என்.டி.எஃப்./பி போன்ற தரவு நூலகங்களில் உள்ளவை, அளவீடுகளையும் கொள்கையையும் நிறுத்துப் பார்த்து வல்லுநர் தேர்ந்த எண்கள். அந்நூலகங்களின் நியூட்ரான் கோப்புகள் நெடுங்காலம் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுடன் நின்றன. பின்னர் சில மட்டும் 150 வரை நீட்டப்பட்டன. அதற்கு மேற்பட்ட சில்லுத்தெறிப்புப் பகுதியில் பெரும்பாலும் பயன்படுவன மாதிரியுரு நேராகக் கணக்கிட்ட எண்கள்.

இனி, இத்துறைக் கட்டுரைகளில் வரக்கூடிய ஒரு தமிழ்த்தொடரை அமைத்துப் பார்ப்போம்: “மாதிரியிலிருந்து பெறப்பட்ட குறுக்குவெட்டு 5 மில்லிபார்ன் என மதிப்பிடப்பட்டுள்ளது.” இலக்கண வழுவற்ற இத்தொடர் நான்கு பொருள்களுக்கு இடம்தருகிறது. ‘மாதிரி’ என்பது ஆய்வுக்கு எடுத்த தகட்டையும் குறிக்கும். கணினியின் மாதிரியுருவையும் குறிக்கும். ‘மதிப்பிடுதல்’ என்பது தோராயமாகக் கணித்தலையும் குறிக்கும். வல்லுநர் ஆய்ந்து தேர்தலையும் குறிக்கும். அளவீடும் கணக்கீடும் நேர் எதிரான பிறப்பிடங்களாயிருக்க, தொடர் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் ‘மாதரி’ என்பதும் தெலுங்கில் ‘நமூனா’ என்பதும் இவ்விரு பொருள்களையும் தருகின்றன. இந்தியில் ‘பிரதிதர்ஷ்’, ‘பிரதிரூப்’ என்றும், ‘ஆகலன்’, ‘மூல்யாங்கன்’ என்றும் வேறுபடுத்தும் வசதி உண்டு.

மற்றொரு சிக்கல் ‘காணப்படுகிறது’ என்னும் வினையைப் பற்றியது. எழுத்துத் தமிழில் இது ‘உள்ளது’ என்ற அளவிலேயே பெரிதும் வழங்குகிறது. எனினும் காண்டல் என்னும் அடிப்பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. செய்தியின் மூலத்தை வினைவிகுதியாலேயே உணர்த்தும் துருக்கி போன்ற மொழிகள் உள்ளன. தமிழிலும் ‘வந்தானாம்’ என்பதில் வரும் ‘ஆம்’ கேள்வியறிவைச் சுட்டுகிறது. ஆனால் அறிவியல் நடை அந்த இடைச்சொல்லை ஏற்பதில்லை. எனவே செய்தியின் மூலத்தைச் சுட்டும் சுமை முழுவதும் வினையடியின் தேர்வின்மீதே விழுகிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஈயமும் பிஸ்மத்தும் கலந்த திரவ இலக்கில் புரோட்டான்கள் பாயும்போது அஸ்டட்டைன் தோன்றுவது செர்ன் ஆய்வுக்கூடத்தின் ஐசோல்ட் நிலையத்தில் அளக்கப்பட்டுள்ளது. அஸ்டட்டைனின் அணுஎண் 85. பிஸ்மத்தின் அணுஎண் 83. முதல் வினையில் வெளிப்படும் ஹீலியம் கருக்கள் வேறு பிஸ்மத் கருக்களைத் தாக்குவது, அது தோன்றும் வழிகளுள் ஒன்று. குறைந்த ஆற்றலுள்ள ஹீலியத்தின் வினைகளைக் கருத்திற்கொள்ளாத நிரல் இவ்வழியை அறியாது. அத்தகைய நிரலின் வெளியீட்டைக் கொண்டு ‘கனமான அஸ்டட்டைன் ஐசோடோப்புகள் காணப்படவில்லை’ என எழுதினால், தேடியும் கிடைக்கவில்லை என்றே வாசகர் கொள்வார். உண்மையில் நிரல் அவற்றைத் தேடவே இல்லை. அஸ்டட்டைன் கதிரியக்கமுடையது; எளிதில் ஆவியாவது. டங்ஸ்டன் இலக்குகளில் தோன்றும் கடோலினியம்-148 ஆல்ஃபாத் துகள்களை உமிழ்வது; அதன் அரைவாழ்வு பல பத்தாண்டுகள். இலக்கைச் சுற்றி எத்தகைய அரண் வேண்டும், பயன்பட்ட இலக்கை எவ்வளவு காலம் காக்கவேண்டும், பணியாளர் எப்போது அணுகலாம் என்பன இவ்வெண்களைக் கொண்டே முடிவுசெய்யப்படுகின்றன.

8. பரிந்துரைகள்

இத்துறைத் தமிழாக்கத்தில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

(அ) ‘மாதிரி’ என்னும் தனிச்சொல்லைத் தவிர்க்க வேண்டும். ஆய்வுக்கு எடுத்த பொருளைச் ‘சோதனைக்கூறு’ என்றும், கணிதக் கட்டமைப்பை ‘மாதிரியுரு’ என்றும் வழங்கலாம். பின்னது அறிவியல் தமிழில் முன்பே வழக்கில் உள்ளது.

(ஆ) மூவகை எண்களுக்கும் ‘அளந்த’, ‘சீர்தூக்கிய’, ‘கணக்கிட்ட’ என்னும் மூன்று பெயரெச்சங்களை மாறாது பயன்படுத்தலாம். சீர்தூக்குதல் என்பது நிறுத்துப் பார்த்துத் தேர்தலை உணர்த்துவதால் தரவு நூலகங்களின் பணிக்கு நன்கு பொருந்தும். தோராயத்தை ‘உத்தேசமாக’ எனக் கூறி, ‘மதிப்பீடு’ என்பதை விட்டுவிடலாம்.

(இ) ‘கணிப்பு’ என்பது கணக்கிடுதலையும் வருவதுரைத்தலையும் ஒருங்கே குறிப்பதால், அளவீட்டுக்கு முன்னரே கூறிய எண்ணை மட்டும் ‘முன்கணிப்பு’ எனல் வேண்டும்.

(ஈ) மாதிரியுருவின் முடிவுகளுக்குக் ‘காணப்படுகிறது’, ‘கண்டறியப்பட்டது’ ஆகியவற்றை ஆளக்கூடாது. ‘மாதிரியுரு தருகிறது’, ‘கணக்கின்படி அமைகிறது’ என எழுதலாம்.

(உ) ‘பிழை’, ‘ஐயப்பாடு’ ஆகியவற்றை வேறுபடுத்துவதோடு, எண்ணிக்கையால் வருவதா மாதிரியுருவால் வருவதா என்பதையும் மூலத்தில் உள்ளவாறே குறிக்க வேண்டும்.

9. முடிவுரை

சில்லுத்தெறிப்பின் மாதிரியுருக்கள் கடந்த பல பத்தாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளன. எனினும் அவை தருவன கணக்கிட்ட எண்களே. அளவீட்டின் முன் வைத்துச் சோதிக்கப்பட வேண்டியவையே. இந்த வேறுபாட்டை இயற்பியலார் தம் மொழியில் கவனமாகப் பேணுகின்றனர். மொழிபெயர்ப்பில் அது கரைந்துபோனால் எந்தக் கலைச்சொல்லும் தவறாயிராது. எந்த எண்ணும் மாறியிராது. ஆயினும் வாசகர் பெறும் செய்தி வேறாகிவிடும். துறைதோறும் பெயர்ச்சொற்களைத் தொகுத்துள்ள நாம், அறிவின் மூலத்தைச் சுட்டும் வினைகளையும் எச்சங்களையும் அவ்வாறே தொகுத்து வரையறுப்பது இன்றியமையாதது. கலைச்சொல் அகராதிகளின் அடுத்த பதிப்புகளில் இதற்கெனத் தனிப் பகுதி ஒன்று இடம்பெறுதல் நலம்.